ஃபில்லரை மாற்றிவிட்டு ஆக்சலரேட்டரைத் திட்டாதீர்கள்

மறுபடியும் அதே புகார். கறுப்பு நிறம் வேண்டாம் என்று ரப்பர் கலவையில் ஃபில்லராக (நிரப்பியாக) இருந்த கார்பன் பிளாக்கை எடுத்துவிட்டு, அதே எடைக்குச் சிலிக்காவைப் போட்டிருக்கிறார்கள். ரப்பரைப் பிணைக்கும் கந்தகம், அந்தப் பிணைப்பை வேகப்படுத்தும் ஆக்சலரேட்டர், அச்சின் வெப்பம், நேரம் எதையும் தொடவில்லை. அச்சைத் திறந்தால் பொருள் பிசுபிசுக்கிறது. ஆக்சலரேட்டரில் கலப்படம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சோதித்தேன், சரக்கு சுத்தமானது.

ஃபில்லர் என்பது எடைக்கும் விலைக்கும் சேர்க்கும் தூள், ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும் வல்கனைசேஷனில் அதற்கு வேலையில்லை என்ற நம்பிக்கையை விட்டொழியுங்கள். வழக்கமான வீழ்படிவுச் சிலிக்கா ஒரு கிராமுக்குச் சுமார் 175 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அது முழுவதும் அமிலத்தன்மையுள்ள சிலனால் (Si–OH) தொகுதிகள். நீங்கள் போடும் ஆக்சலரேட்டரையும் துத்தநாகத்தையும் அவை இழுத்து வைத்துக்கொள்கின்றன. ரப்பருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கியூரிங் (வல்கனைசேஷனைத்தான் பட்டறையில் இப்படிச் சொல்கிறோம்) தாமதமாகிறது, குறுக்குப் பிணைப்பும் குறைகிறது.

"கடினத்தன்மை சரியாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். அந்தக் கடினத்தில் பெரும்பங்கு ஃபில்லர் தருவது! கியூரிங்கின்போது ரப்பர் இறுகுவதை முறுக்கி அளக்கும் ரியோமீட்டரில் உச்ச முறுக்குவிசை உயர்ந்தாலும் அப்படித்தான். பிணைப்பு கூடியதற்கு அது சாட்சியாகாது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை டொலுவீனில் ஊறவையுங்கள். பிணைப்பு குறைந்த ரப்பர் அதிகமாக உப்பும்.

கார்பன் பிளாக்கின் போக்கு வேறு. ஃபர்னஸ் வகை பெரும்பாலும் லேசான காரம், கியூரிங்கை விரைவுபடுத்தும். துகள் நுண்மையானால் கலக்கும்போதே சூடேறி ஸ்கார்ச் ஆகலாம், அதாவது அச்சுக்குப் போகுமுன்பே ரப்பர் இறுகத் தொடங்கலாம். கயோலின் களிமண் அமிலம், தாமதப்படுத்தும். கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடால் பிணைக்கும் பெராக்சைடு கியூரிங்கில் அதைச் சேர்ப்பவர்களை என்ன சொல்வது! அமிலம் பட்டால் டைகுமைல் பெராக்சைடு, பிணைப்பை உண்டாக்கும் தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிகல்) தராமலேயே சிதைந்துவிடும்.

ஃபில்லரை மாற்றினால், விற்பவரை மட்டும் மாற்றினாலும்கூட, ரியோமீட்டர் வரைபடம் எடுக்காமல் அச்சில் ஏற்றாதீர்கள். சிலிக்காவுடன் டைபினைல் குவானிடினோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ சேருங்கள். ஆக்சலரேட்டருக்குப் பதிலாக அவை அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்காவையும் ரப்பரையும் இணைக்கும் டெட்ராசல்பைடு சிலேன் சேர்த்தால் அதிலுள்ள கந்தகத்தையும் கணக்கில் வையுங்கள். சிலேன் சிலிக்காவோடு வினைபுரிய 140 முதல் 155 டிகிரி செல்சியஸ் வேண்டும். 160-ஐத் தாண்டவிட்டால் சிலேனின் கந்தகம் அவிழ்ந்து, மிக்சருக்குள்ளேயே ஸ்கார்ச் தொடங்கிவிடும். சிலிக்கா மூட்டையைத் தயவுசெய்து திறந்தபடி வைக்காதீர்கள். அதன் ஈரப்பதம் மாறினால் நேற்றைய வரைபடம் இன்றைய பேட்சுக்குப் பொருந்தாது.