பழவேற்காட்டில் மோட்டாரைத் தின்பது எது?

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழவேற்காடு ஏரியில் ஓட்டுவதற்காக ஒரு பழைய பைபர் படகும் பின்னால் தொங்கவிடும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியிருக்கிறார். முதல் படகு. கியர் பெட்டியில் திருகியிருந்த சாம்பல் நிறக் கட்டி கரடுமுரடாக அசிங்கமாக இருந்ததால், மோட்டாருக்குப் பெயின்ட் அடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்துவிட்டார். ஆறு மாதத்தில் கியர் பெட்டி மேல் வெள்ளைப் பொடி, சுரண்டினால் குழி. "உப்புத்தண்ணி அரிச்சிடுச்சு சார்" என்கிறாராம் மெக்கானிக். சரியா?

பாதி சரி. உப்புநீர் வழிவிட்டது, அவ்வளவுதான். அரித்தது மின்னோட்டம்.

கியர் பெட்டி அலுமினியக் கலவை வார்ப்பு. புரொப்பெல்லரைத் தாங்கும் தண்டு துருப்பிடிக்காத எஃகு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி ஒரே உப்புநீரில் நிற்கின்றன. வெவ்வேறு உலோகம் இரண்டு, அயனிகள் நிறைந்த நீர்: பள்ளியில் படித்த மின்கலம் தயார். வெள்ளி–வெள்ளிக்குளோரைடு மின்வாயை ஒப்பீட்டுக்கு வைத்துக் கடல்நீரில் அளந்தால் எஃகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அலுமினியக் கலவை சுமார் −0.75 வோல்ட், துத்தநாகம் −1.03 வோல்ட். எது அதிக எதிர்மமோ அது எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அயனியாகக் கரையும். துத்தநாகம் நடுவில் இல்லாவிட்டால் கரைவது கியர் பெட்டிதான். வாசகர் பெயின்ட் அடித்து மூடியது, மோட்டாருக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே வைத்திருந்த ஜிங்க், அதாவது துத்தநாகக் கட்டியை.

இதில் ரசிக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகடுகள் அரித்துக்கொண்டே இருந்தன. 1824இல் ஹம்ஃப்ரி டேவி அந்தச் செம்போடு சிறு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை ஒட்டிவைத்தால் போதும் என்று காட்டினார். வைத்தார்கள், செம்பு அரிப்பது நின்றது. ஆனால் கப்பல்களின் அடியில் கொட்டலசும் (ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிரி) பாசியும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்தது. செம்பு மெல்லக் கரைந்ததுதான் அதுவரை கொட்டலசுக் குஞ்சுகளுக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றுபோயிற்று. வேதியியல் ஜெயித்தது, கப்பல் தோற்றது. டேவியின் துண்டுகளைக் கடற்படை கழற்றச் சொல்லிவிட்டது.

இன்றைய பாசித்தடுப்புப் பெயின்ட் பலவற்றில் இருப்பது குப்ரஸ் ஆக்சைடு, அதாவது கரைவதற்கென்றே சேர்த்த செம்பு. பைபர் அடிப்பாகத்துக்கு அது நல்லது. அதே டப்பாவில் மிச்சமிருக்கிறதே என்று அலுமினிய மோட்டாருக்கும் அடித்தால், அரிக்க ஒரு கூட்டாளியை நீங்களே கொண்டுவந்து ஒட்டிய மாதிரி. மோட்டார் தொங்கும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டுவிட்டு அடியுங்கள். இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேரும்: கண்ணேறு படாமலிருக்க மோட்டாரில் கட்டும் செப்பு யந்திரத் தகடு. நம்பிக்கை உங்கள் விருப்பம். ஆனால் உப்புநீர் தெறிக்கும் அலுமினியத்தில் செம்பைக் கட்டினால் அந்த இடத்தில் குழி விழும். அணியத்தில் (படகின் முன்முனையில்), பைபர் மேல் கட்டிக்கொள்ளுங்கள்.

இனி பழவேற்காட்டுக்கே உரிய சிக்கல். தமிழ்நாடும் ஆந்திரமும் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏரி ஆழமற்றது. சராசரியாக ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளிங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் நன்னீரைக் கொட்டும்போது பல இடங்களில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கோடையில் நீர் வற்றும்போதோ கடலைவிடவும் கரிக்கும். துத்தநாகத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒத்துக்கொள்ளாது. உப்புக் குறைந்த நீரில் அதன் மேல் கெட்டியான வெள்ளைப் பொருக்கு படியும். மறுபடி உப்பு ஏறினாலும் பொருக்கு போகாது. கட்டி அப்படியே இருக்கும், வேலை செய்யாது. 'ஜிங்க் தேயவே இல்லை, நல்ல சரக்கு' என்று சந்தோஷப்பட்டால் அதற்குள் கியர் பெட்டி தேய்ந்திருக்கும்.

இங்கே வாங்கவேண்டியது அலுமினியக் கலவைக் கட்டி. அலுமினியத்தைக் காக்க அலுமினியமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தூய அலுமினியம் இந்த வேலைக்கு ஆகாது. கணத்தில் ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு அடங்கிவிடும். அதில் சுமார் 5 விழுக்காடு துத்தநாகமும் 0.02 விழுக்காடு அளவில் இண்டியமும் சேர்ப்பார்கள். ஒரு கிலோவுக்கு வெறும் 0.2 கிராம் இண்டியம்! கட்டி கரையும்போது இண்டியமும் கூடவே கரைந்து, திரும்பவும் அலுமினியத்தின் மேலேயே படிகிறது. படிந்த இடத்தில் தோல் மூட முடிவதில்லை. கலவையின் மின்னழுத்தம் −1.1 வோல்ட்டுக்கு இறங்குகிறது; துத்தநாகத்தையும் மிஞ்சிவிட்டது. கிலோவுக்கு துத்தநாகம் தருவது ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி, இது 2,500. அதே அளவுக் கட்டி பாதிக்கும் குறைவான எடையில் கூடுதலாகவே உழைக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலரிப்பை ஆராய்கிறது. அந்த அறிவு ஆங்கில ஆய்விதழ்களில் முடங்காமல், மெக்கானிக் கடைச் சுவரில் ஒரு தமிழ்த் தாளாக ஒட்டப்படவும் கொஞ்சம் நிதி ஒதுக்கலாம். அதிகச் செலவில்லை.

மாட்டும்போது கட்டி உட்காரும் இடத்தில் பெயின்ட்டைப் பளபளப்பு தெரியும்வரை சுரண்டுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒரு முனையைக் கட்டியிலும் மறுமுனையைக் கியர் பெட்டியின் வெறும் உலோகத்திலும் தொட்டால் 1 ஓமுக்குள் காட்டவேண்டும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். மோட்டாரை அரைகுறையாகத் தூக்கி நிறுத்தாதீர்கள்: கியர் பெட்டி தண்ணீரிலும் கட்டி வெளியிலும் இருந்தால் பாதுகாப்பு இல்லை. ஒன்று, இரண்டும் மூழ்கவேண்டும்; இல்லை, முழுதாக மேலே ஏறவேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீர் டிரம்மில் மோட்டாரை இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு மூழ்கும் அளவுக்கு நீர் வேண்டும். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே குளிர்விக்கும் நீரை ஏற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழல் இறக்கை) கருகிவிடும். சேறும் மணலும் உறிஞ்சும் ஏரி இது, ஆண்டுக்கொரு முறை அதை மாற்றிவிடுங்கள். கியர் ஆயில் 100 மணிக்கொரு முறை. கீழ்த்துளை வழியாக நிரப்பி, மேல்துளையில் வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடவேண்டும். வடித்த எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் தண்டில் சுற்றிய நைலான் வலை நரம்பு சீலை வெட்டியிருக்கும். புரொப்பெல்லரை அவ்வப்போது கழற்றிப் பாருங்கள். பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை உறிஞ்சும். வாரக்கணக்கில் ஓட்டாவிட்டால் டாங்கைக் காலி செய்யுங்கள்.

படகின் அடியில் கீறல் ஜெல்கோட் எனும் மேல்பூச்சைத் தாண்டிக் கண்ணாடி இழை தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், இழை வழியே நீர் உள்ளே ஊறும். தேய்த்து, நன்னீரில் கழுவி, நாள் கணக்கில் காயவிட்டு, கண்ணாடி இழை மேட்டை ரெசின் தடவி ஒட்டுங்கள். கிலோ ரெசினுக்கு கேட்டலிஸ்ட் (இறுகச் செய்யும் திரவம்) 10 முதல் 20 மில்லி. ரெசினில் கோபால்ட்டை (இறுகுவதை முடுக்கும் கரைசல்) முதலில் முழுக்கக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட்டை ஊற்றவேண்டும். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். மோட்டார் மாட்டும் பின்பலகையைக் காசால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் போல்ட் துளை வழியே நீர் இறங்கி உள்ளே பிளைவுட் அழுகுகிறது.

வாசகரின் கியர் பெட்டிக்கு வருவோம். வெள்ளைப் பொடியைத் தேய்த்தெடுத்து உலோகம் மின்னட்டும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம், உப்புத்தாள் போதும். மேலோட்டமான குழிகளுக்கு எபாக்சி மெட்டல் பட்டி, அதன் மேல் அலுமினியத்துக்கான பிரைமர், பிறகு பெயின்ட். குழி புரொப்பெல்லர் தண்டின் சீல் உட்காரும் விளிம்புவரை போயிருந்தால் பட்டி நிற்காது. அந்த வார்ப்பையே மாற்றவேண்டியதுதான்.