போட்டோபாலிமர்: ஒளியிறுகு பிசின்

சேலத்து அச்சகங்களில் "போட்டோபாலிமர் பிளேட்" என்று முழுப்பெயரை யாரும் சொல்வதில்லை. மேடான முகத்தில் மை ஏற்றித் தாளில் அழுத்தும் லெட்டர்பிரஸ்காரர்களுக்கு அது "பாலிமர் பிளாக்". அட்டைப்பெட்டிக்கும் ஜவ்வரிசி மூட்டைக்கான பின்னல் சாக்குக்கும், வளையும் தகட்டை உருளையில் சுற்றி அச்சடிக்கும் ஃபிளெக்சோ பட்டறைகளில் "ஸ்டீரியோ". முத்திரை செய்யும் கடையில் "பாலிமர் ஸ்டாம்ப்". பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான்: புற ஊதா ஒளி பட்ட இடத்தில் இறுகி, படாத இடத்தில் இளகலாகவே நின்று, கழுவும்போது கரைந்து போகும் ஒரு பிசின். இறுகிய இடம் மேடாக நிற்கும். அந்த மேட்டில்தான் மை ஏறும்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். கிரேக்கத்தில் "ஃபோஸ்" என்றால் ஒளி. "போலி" என்றால் பல. "மெரோஸ்" என்றால் பகுதி. "பாலிமர்" என்னும் சொல்லின் மூலத்தை 1833இல் வேதியியலுக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு பெர்சிலியஸ். ஆனால் அவர் குறித்தது இன்று நாம் சொல்லும் நீண்ட சங்கிலி மூலக்கூறை அல்ல. தனிமங்களின் விகிதம் ஒன்றாகவும் மூலக்கூறு எடை மடங்குகளில் வேறாகவும் இருக்கும் சேர்மங்களை அவர் அப்படி அழைத்தார். சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன என்பதை 1920இல் எடுத்துரைத்தவர் செருமானியரான ஸ்டாடிங்கர். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1953இல்தான் கிடைத்தது. ஒளியும் பாலிமரும் சேர்ந்த "போட்டோபாலிமர்" அச்சுத்தொழிலுக்குள் வந்தது 1950களில். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய லூயி பிளாம்பெக் இத்தகைய அச்சுத்தகட்டுக்கு 1956இல் காப்புரிமை பெற்றார்.

சொல்தான் புதிது, வித்தை பழையது. 1820களில் பிரான்சில் நியெப்ஸ் உலோகத் தகட்டில் நிலக்கீலைப் பூசி வெயிலில் காட்டினார். ஒளி பட்ட கீல் இறுகியது. படாததை லாவெண்டர் எண்ணெயில் கரைத்து எடுத்தார். பிற்பாடு ஜெலட்டின், முட்டை வெண்கரு, மீன்பசை ஆகியவற்றோடு பைக்குரோமேட் கலந்து அதே வேலையை வாங்கினார்கள். துத்தநாக பிளாக் செய்த பழைய பட்டறைகளின் மஞ்சள் கரைசல் அதுதான். இன்றும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் திரைச்சட்டத்துக்குப் பூசும் பைக்குரோமேட் எமல்ஷன் அந்த வம்சமே. பழைய முறையில் இறுகிய படலம் அமிலத்திடமிருந்து துத்தநாகத்தைக் காக்கும் கவசம் மட்டுமே. அச்சு முகம் உலோகத்தில்தான் உருவாகும். போட்டோபாலிமரில் கவசமும் அச்சு முகமும் ஒன்றாகிவிட்டன. நைட்ரிக் அமிலத் தொட்டி அச்சகத்தை விட்டு வெளியேறியது இதனால்தான்.

"ஸ்டீரியோ" என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்கத்தில் "ஸ்டீரியோஸ்" என்றால் திடமானது. கோத்த எழுத்துப் பக்கத்தை அப்படியே வார்ப்பெடுத்து ஒரே தகடாக்குவதை பிரெஞ்சு அச்சாளர் டிடோ 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி அழைத்தார். ஈய வார்ப்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் பாலிமர் வந்தது. பெயர் மட்டும் நம் அட்டைப்பெட்டித் தொழிலில் நிலைத்துவிட்டது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். எழுத்தில் மட்டும் இந்தப் பொருளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் இங்கே வார்ப்பே கிடையாது.

இனித் தமிழ்ச் சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பாலிமரைப் "பலபடி" என்கின்றன; இலங்கையில் "பல்பகுதியம்". இவற்றோடு ஒளியைச் சேர்த்தால் "ஒளிப்பலபடி" கிடைக்கும். வேதியியல் வகுப்பறைக்கு அது போதும். அச்சகத்துக்குப் போதாது, ஏனென்றால் ஒளி என்ன செய்கிறது என்பது அதில் இல்லை. "ஒளியுணர் தகடு" என்று எழுதுபவர்கள் உண்டு. இதை நாங்கள் ஏற்கவில்லை. ஆஃப்செட்டில் பயன்படும் பாசிட்டிவ் பி.எஸ். (ஒளியுணர் பூச்சை முன்கூட்டியே பூசிய) பிளேட்டும் ஒளியை உணர்வதுதான். ஆனால் அங்கே ஒளி பட்ட இடம் கரைகிறது, படாத இடம் நிற்கிறது. நேர் எதிரான இரண்டு நடத்தைகளுக்கு ஒரே பெயர் வைத்தால், படிக்கிற மாணவர் நெகட்டிவ் போட வேண்டிய இடத்தில் பாசிட்டிவ் போடுவார். "ஒளிப்படத் தகடு" இன்னும் மோசம். ஒளிப்படம் அச்சிட மட்டுமே உரிய தகடு என்று ஆகிவிடும்.

எங்கள் பரிந்துரை "ஒளியிறுகு பிசின்". அதனால் செய்த தகடு "ஒளியிறுகு தகடு". ஒளியால் இறுகுவது என்பது பொருள். "இறுகு பிசின்" வினைத்தொகை. ஊறுகாய் என்பதில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலமும் அடங்குவதுபோல இதிலும் அடங்கும். உறை பிரிக்காத தகடு இனி இறுகப் போவது, விளக்கின் கீழ் இருப்பது இறுகிக்கொண்டிருப்பது, எந்திரத்தில் ஏற்றியது இறுகி முடிந்தது. மூன்று நிலைக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது. வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. "ஒளியிறுகுப் பிசின்" என்று எழுதுவது பிழை.

"பிசின்" என்பதற்கும் காரணம் உண்டு. தகட்டின் உள்ளே இருப்பது வெறும் பலபடி அல்ல, ஒரு கலவை. உடலாக நிற்பது ஒரு பலபடி: நீரில் கழுவும் லெட்டர்பிரஸ் தகட்டில் நைலான் வகையோ பாலிவினைல் ஆல்கஹாலோ, ஃபிளெக்சோ தகட்டில் ஸ்டைரீன் கலந்த செயற்கை ரப்பர். அதன் இடுக்குகளில் அக்ரிலேட் வகைச் சிறுமூலக்கூறுகள். அவற்றோடு, ஒளியை வாங்கிப் பிளந்து வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டி கொஞ்சம். 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளி பட்டதும் தூண்டி பிளந்து தனியுறுப்புகளை, அதாவது உடனே வினைபுரியத் துடிக்கும் மூலக்கூறுத் துண்டுகளை, தருகிறது. அவை அக்ரிலேட்டுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாக்குகின்றன. வலைக்குள் சிக்கிய உடற்பலபடி இனிக் கரையாது. ஒட்டும், கரையும், இறுகும் என்கிற இத்தனை குணத்தையும் ஒரே சொல்லில் தமிழர் ஏற்கெனவே "பிசின்" என்று வைத்திருக்கிறார்கள்.

இந்த வினைக்கு எதிரி காற்றில் உள்ள ஆக்சிஜன். தனியுறுப்புகளை அது முதலில் விழுங்கிவிடும். அது தீர்ந்த பிறகுதான் பிசின் இறுகத் தொடங்கும். ஐந்து நிமிட ஒளிகாட்டல் மின்தடையால் இரண்டாம் நிமிடத்தில் நின்றுபோனால், மின்சாரம் வந்ததும் மீதி மூன்று நிமிடம் கொடுத்துக் கணக்கை நேர் செய்ய முடியாதது இதனால்தான். இடைவெளியில் ஆக்சிஜன் மறுபடி ஊடுருவியிருக்கும். மெல்லிய கோடும் சிறு புள்ளியும் முதலில் பலியாகும். முத்திரை செய்பவர்கள் கழுவிய பாலிமரைத் தண்ணீரில் மூழ்கவைத்து இறுதி ஒளி காட்டுவதும் காற்றை விலக்கத்தான். அப்படிச் செய்யாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

நீரில் கழுவும் லெட்டர்பிரஸ் தகட்டின் வேலைமுறை இது. தகடு 0.95 மி.மீ. அல்லது 1.52 மி.மீ. கனத்தில் கிடைக்கும். அச்சிட வேண்டியது தெளிவாகவும் மற்றது கறுப்பாகவும் உள்ள நெகட்டிவ் தேவை. ஃபிலிமின் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு) பக்கத்தை மேலே வைத்துப் பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும். அதே பக்கம் தகட்டின் முகத்தைத் தொட வேண்டும். கறுப்பின் அடர்த்தி, அதாவது ஒளியைத் தடுக்கும் அளவு, 3.5க்குக் குறையக் கூடாது. லேசர் பிரிண்டரில் எடுத்த டிரான்ஸ்பரன்சி கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும், ஆனால் டோனரின் ஊடே ஒளி கசியும். கசிந்தால் பள்ளமாக வேண்டிய இடமும் பாதி இறுகி, எவ்வளவு தேய்த்தாலும் கழுவிப் போகாது. பலர் தண்ணீரையும் பிரஷ்ஷையும் குறை சொல்வார்கள். குற்றம் பெரும்பாலும் ஃபிலிமில்தான்.

விளக்குகளைச் சில நிமிடம் முன்பே எரியவிட்டுச் சூடாக்கி, வெற்றிடத்தில் ஃபிலிமைத் தகட்டோடு ஒட்டவைத்து ஒளி காட்ட வேண்டும். நேரம் விளக்கின் வலுவைப் பொறுத்து 2 முதல் 5 நிமிடம். கறுப்பு படிப்படியாகக் கூடும் 21 படி அளவுப்பட்டையை ஓரத்தில் வைத்து, தகடு செய்த நிறுவனம் சொல்லும் படி வரை நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி. விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்தாலும் புற ஊதா குறைந்துகொண்டே போகும். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த நேரக்கணக்கை இன்றும் நம்பினால் கோடுகள் வளைந்து நெளிந்து வரும். முற்றுப்புள்ளிகள் கழுவும்போதே உதிரும். நேரம் கூடினால் மாறாகத் தோன்றும்: கறுப்புத் தளத்தில் வெள்ளையாக விட்ட எழுத்து அடைபடும். தமிழில் இது முதலில் தெரிவது இகர, ஈகாரச் சுழிகளில்.

கழுவும் தண்ணீர் 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சேலத்தில் சித்திரை, வைகாசியில் மாடித்தொட்டித் தண்ணீர் மதியத்தில் இதைத் தாண்டிவிடும். சூடான நீரில் பிசின் ஊதி, மெல்லிய கோட்டின் அடிவாரம் அரிபடும். காலையிலேயே பிடித்து நிழலில் வைத்த நீர் நல்லது. ஏற்காட்டில் மார்கழியில் நிலைமை தலைகீழ்: குளிர்ந்த நீரில் பிசின் கரையாமல் மூன்று நிமிட வேலை பத்து நிமிடம் இழுக்கும், அவ்வளவு நேரம் பிரஷ் பட்டாலும் சிறு புள்ளி போய்விடும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும். கடைசி அலசலுக்காவது மேட்டூர் குழாய்நீர் வேண்டும். கழுவியதும் பஞ்சால் ஒற்றி நீரை எடுத்துவிட்டு, 60 முதல் 70 டிகிரியில் பத்து நிமிடம் உலர்த்தி, முதலில் காட்டிய அளவாவது மறுபடி ஒளி காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் தகடு மிருதுவாகவே நின்று, ஓட்டத்தின் நடுவில் எழுத்து சப்பையாகும். அச்சில் ஏற்றும்போது தகடு, ஒட்டுநாடா, அடிப்பலகை மூன்றின் கனமும் கூடி எழுத்துயரமான (ஈய எழுத்தின் அடி முதல் முகம் வரை) 23.32 மி.மீ. வர வேண்டும்.

ஃபிளெக்சோ தகட்டில் கூடுதலாக ஒரு படி உண்டு: பின்னொளி. முதலில் பாலியெஸ்டர் அடித்தளத்தின் வழியாகச் சில நொடிகள் ஒளி காட்டி, தகட்டின் தரையை இறுக்குகிறோம். பின்னொளி கூடினால் தரை உயர்ந்து பள்ளம் குறையும். சாக்கில் அச்சடிக்கும்போது தரையிலும் மை ஏறி அழுக்காகும். குறைந்தால் பள்ளம் ஆழமாகித் தனியாக நிற்கும் எழுத்துகள் ஆடும். ஒரு துண்டுத் தகட்டில் பத்துப் பத்து நொடிப் படிகளாகக் காட்டி, கழுவி உலர்த்தி, மைக்ரோமீட்டரால் அளந்துதான் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். அதன் பிறகே முன்னொளி (ஃபிலிம் வழியாக முகத்தில் காட்டும் ஒளி), கரைப்பானில் கழுவல், 60 டிகிரியில் இரண்டு மணி நேர உலர்த்தல், ஓர் இரவு ஓய்வு. கரைப்பானைக் குடித்து ஊதிய தகடு பழைய கனத்துக்கு வர அந்த ஓய்வு தேவை. அவசரமாக ஏற்றினால் ஓரிடம் அழுந்தும், ஓரிடம் மங்கும்.

சாக்கு அச்சில் அடிக்கடி வரும் புகார், வட்ட முத்திரை முட்டை வடிவில் விழுவது. தட்டையாகச் செய்த தகட்டை உருளையில் சுற்றும்போது வெளிமுகம் நீள்கிறது. தகட்டின் மொத்தக் கனம் 2.84 மி.மீ., நீளாத அடித்தளம் 0.18 என்றால் மீதி 2.66. அதை 6.283ஆல் (இரண்டு பை) பெருக்கினால் 16.7 மி.மீ. அச்சுச் சுற்றளவு 400 மி.மீ. என்றால், ஃபிலிமைச் சுற்றுத் திசையில் மட்டும் 383.3 மி.மீ. ஆக, அதாவது 4.2 சதவீதம் குறைத்து எடுக்க வேண்டும். 600 மி.மீ. உருளைக்குக் குறைப்பு 2.8 சதவீதம்தான். ஓர் உருளைக்கு எடுத்த ஃபிலிமை வேறு உருளைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். குறைக்காமல் விட்டால் 100 மி.மீ. வட்டம் ஒரு திசையில் 104 மி.மீ.க்கு மேல் நீளும். குறுக்குத் திசையில் கைவைக்கவே கூடாது.

சேமிப்பிலும் இரு வகைக்கும் குணம் வேறு. நீர்த் தகடு காற்றின் ஈரத்தோடு மாறும். சேவராயன் மலைப் பனிமூட்டத்தில் திறந்து வைத்தால் ஈரம் குடித்து ஒட்டும். சேலத்துக் கோடையில் விட்டால் விறைத்து, சுருண்டு, வளைக்கும்போது வெடிக்கும். இரண்டுக்கும் மருந்து காற்றுப் புகாத பை. ஃபிளெக்சோ தகட்டுக்கு ஓசோன் ஆகாது. பாலித்தீன் ஃபிலிமில் மை பிடிக்க மின்னிறக்கம் பாய்ச்சி, ஓசோனையும் வெளிவிடும் கொரோனா எந்திரத்தின் பக்கத்தில் மாட்டிவைத்த தகட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடுவதைப் பார்க்கலாம். மையில் எத்தில் அசிடேட் கூடினாலும் இந்தத் தகடு ஊதி, எழுத்து பருக்கும். செய்யாத தகட்டை மஞ்சள் விளக்கின் கீழ் மட்டுமே பிரிக்க வேண்டும். சன்னலுக்கு மஞ்சள் ஃபிலிம் ஒட்டிவிட்டுக் கதவை வெயிலுக்குத் திறந்துவைத்தால் பயனில்லை.

துணைச் சொற்கள்: பேக் எக்ஸ்போஷர் என்பதற்குப் பின்னொளி, மெயின் எக்ஸ்போஷருக்கு முன்னொளி, போஸ்ட் எக்ஸ்போஷருக்கு நிறைவொளி, வாஷ்அவுட்டுக்குக் கழுவெடுப்பு, ரிலீஃபுக்குப் புடைப்பு, தகட்டின் ஃப்ளோருக்குத் தரை, டிஸ்டார்ஷனுக்காகச் செய்யும் குறைப்புக்கு நீட்சிக் கழிவு. நெகட்டிவுக்கு மறிநிலைப்படம் என்று அகராதியில் இருந்தாலும் பட்டறையில் "நெகட்டிவ்" என்பதே புழக்கம். அதை மாற்ற வேண்டியதில்லை.