கையேட்டில் இல்லாததை நீங்கள்தான் எழுத வேண்டும்

"எழுத்து பெரிசாவே மாட்டேங்கு அண்ணாச்சி!" பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை டிடிபி கடைகளில் லிப்ரே ஆபீஸுக்கு (வேர்டு போன்ற இலவச, கட்டற்ற மென்பொருள்) மாறியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. பத்தி ஸ்டைலில் அளவை 12-லிருந்து 14 ஆக்குவார்கள். ஆங்கிலம் பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். தமிழ் அங்கே ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ வகை. அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. பல பதிப்புகளில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழி அமைப்புக்குப் போய் அதை டிக் செய்தால்தான் ஸ்டைல் பெட்டியில் அந்தப் பகுதியே தெரியும்.

ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்பவர் கையேடு எழுதினால் இந்த இடத்தில் அவர் இடற வாய்ப்பே இல்லை. இடறியவர் நாம். வழி தெரிந்ததும் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். தென்காசியில் இருப்பவர் திரும்பவும் முதலிலிருந்து திண்டாடுகிறார். இது மாற வேண்டும்.

கையேட்டில் விடுபட்டதை அதைத் தயாரிப்பவர்களுக்கு எழுதும் முன், மென்பொருளின் ‘ஹெல்ப்’ மெனுவில் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே மெனுவில், உங்கள் அமைப்புகளை ஒதுக்கிவைத்துத் திறக்கும் ‘சேஃப் மோடில்’ மறுபடி திறந்து பாருங்கள். உங்கள் பழைய அமைப்புகள் செய்த கோளாறா என்பது தெரிந்துவிடும். பிறகு லிப்ரே ஆபீஸின் பக்ஸில்லாவில் (பிழைகளைப் பதியும் இணையதளம்), ஆவணப் பிரிவின் கீழ் பதியுங்கள். ‘கையேடு குழப்பமாக இருக்கிறது’ என்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எந்த வாக்கியம், அதன்படி செய்தபோது என்ன நடந்தது, மாற்றாக என்ன வாக்கியம் வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு பிழைதான். நான்கைச் சேர்த்தால் மூன்று கிடப்பில் போகும்.

கிட்ஹப்பில் (மென்பொருள் கோப்புகளைப் பலர் சேர்ந்து திருத்தும் இணையதளம்) உள்ள திட்டங்கள் இன்னும் சுலபம். கோப்பின் மேலுள்ள பென்சில் குறியை அழுத்தித் திருத்தினால் உங்கள் பெயரில் ஒரு நகல் தானே உருவாகும்; அங்கிருந்து ‘புல் ரிக்வெஸ்ட்’, அதாவது திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை, அனுப்பலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கையேட்டின் தமிழாக்கத்தில் தப்பு தெரிந்தால் முதலில் ஆங்கில மூலத்தைப் பாருங்கள். தப்பு மூலத்தில் இருந்தால் அங்கேதான் திருத்த வேண்டும். மூலம் மாறியதும் மொழிபெயர்ப்பு நடக்கும் வெப்லேட் தளத்தில் தமிழ் வரி மறுபார்வைக்கு வந்து நிற்கும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பதிவில் இணைக்கும்போது வாடிக்கையாளரின் கல்யாணப் பத்திரிகையை வைக்கவே கூடாது, அதில் முகவரியும் செல்பேசி எண்ணும் இருக்கும். இரண்டு வரி மாதிரி வாசகம் போதும். பதில் வரத் தாமதமானால் புதிய பதிப்பில் சோதித்து, அதே பதிவின் கீழ் முடிவை எழுதுங்கள். இன்னொரு பதிவு திறந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்கவே ஒரு தன்னார்வலரின் மாலைப்பொழுது போய்விடும்.