மூழ்கும் அணிக்கு ஏன் தெரியாத ஸ்ட்ரைக்கர்?

இங்கிலாந்து கால்பந்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “பிரீமியர் லீகில் கடைசி மூன்று இடத்தில் தவிக்கும் அணிகள், ஜனவரி வந்தால் போதும், அந்த லீகில் ஒரு போட்டிகூட ஆடாத ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் அடிப்பதற்கான முன்கள வீரரை, கோடிகளைக் கொட்டி வாங்குகின்றன. பாதி விலைக்கு அனுபவசாலி ஒருவர் கிடைப்பாரே? இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, வெறும் பதற்றமா?”

கணக்கு இருக்கிறது. அழகான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு, கிளப்புகள் கொடுக்கும் விலையை நியாயப்படுத்துவதில்லை. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 20 அணிகள், ஆளுக்கு 38 போட்டிகள், கடைசி மூன்று அணிகள் கீழே உள்ள சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும். பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கே லீகிலிருந்து ஏறத்தாழ 10 கோடி பவுண்டு வருகிறது. இறங்கிவிட்டால், ஒளிபரப்பு வருமானத்தில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, தகுதி இருந்தால் மூன்றாம் ஆண்டு 20 என்று கை தாங்கலாகக் கொஞ்சம் கிடைக்கும். ஆக 17ஆம் இடத்துக்கும் 18ஆம் இடத்துக்கும் நடுவில் ஒரு செங்குத்துப் பள்ளம். 18ஆக முடித்தாலும் 20ஆக முடித்தாலும் விழுவது அதே பள்ளத்தில்தான். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த விஷயமும் அதில்தான் தொங்குகிறது.

ஓர் உதாரணம். 2014 ஜனவரி 31, வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தை மூடும் நாள். தரமிறக்க அபாயத்தில் இருந்த ஃபுல்ஹாம், ஒலிம்பியாகோஸ் அணியிலிருந்து கோஸ்டாஸ் மிட்ரோக்லூவைச் சுமார் 1.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை அந்தக் கிளப் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. கிரேக்க லீகில் அந்தப் பருவத்தில் அவர் 12 போட்டிகளில் 14 கோல் அடித்திருந்தார். ஃபுல்ஹாமுக்காக லீகில் ஆடியது மூன்றே போட்டி, ஒரு கோலும் இல்லை. அணி 19ஆம் இடத்தில் முடித்து இறங்கியது.

முட்டாள்தனமான முடிவு என்று தோன்றும். அந்தத் தீர்ப்புக்கு முன்னால் ஒரு பறவையைப் பார்த்துவிடலாம்.

மெக்சிகோவிலும் அரிசோனா மலைக்காடுகளிலும் வாழும் மஞ்சள்கண் ஜன்கோ சுமார் 20 கிராம் எடையுள்ள சிட்டு. 1980இல் தாமஸ் கராக்கோவும் அவருடைய சகாக்களும் கூண்டில் வைத்து அதற்கு ஒரு தேர்வு கொடுத்தார்கள். ஒரு பக்கம் போனால் எப்போதும் ஒரே எண்ணிக்கையில் விதைகள். மறுபக்கம் போனால் சில நேரம் ஒன்றும் இருக்காது, சில நேரம் இரண்டு மடங்கு இருக்கும். சராசரி இரண்டிலும் ஒன்றுதான். போதுமான தீனி கிடைத்துக்கொண்டிருந்த பறவைகள் நிச்சயமான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தன. தேவைக்குக் குறைவாகவே தின்ன முடிந்த பறவைகள் நிச்சயமில்லாத பக்கம் போயின. 1990இல் கராக்கோவும் வேறு சில சகாக்களும் வெப்பநிலையை மாற்றிப் பார்த்தார்கள். 19 டிகிரியில் நிச்சயம், 1 டிகிரியில் சூதாட்டம். குளிரில் உடல் எரிக்கும் சக்தி கூடுகிறது. நிச்சயமான பக்கத்தின் அளவான தீனி இரவைத் தாண்டப் போதாது. போதாது என்பது உறுதியானபின், அந்த நிச்சயத்தால் யாருக்கு லாபம்? பின்னாளில் வேறு விலங்குகளில் நடந்த சோதனைகள் எல்லாமே இவ்வளவு சுத்தமாக ஒத்துவரவில்லை. ஆனாலும் அடியில் இருக்கும் தர்க்கம் உறுதியானது.

விதை கொறிக்கும் சிட்டை எண்ணிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சிக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வருத்தம் தருகிறது. உயிர் பிழைக்க வேண்டிய எவரும் ஆபத்தை எப்படி எடை போடுகிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு. உடனடிப் பயன் என்ற ஒரே அளவுகோலால் நிதியை வெட்டினால், முதலில் போவது இப்படிப்பட்ட வேலைகள்தான்.

சரி, அதே தர்க்கத்தைப் புள்ளிப் பட்டியலில் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, விளக்கத்துக்காக மட்டும். பிழைக்க 36 புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனுபவசாலியை வாங்கினால் பருவ முடிவில் சராசரியாக 32 புள்ளி எதிர்பார்க்கலாம், திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து முடிவுகள் வழக்கமாக விலகும் அளவு) 4. தெரியாத இளைஞரை வாங்கினால் சராசரி ஒன்று குறைந்து 31, ஆனால் திட்ட விலக்கம் 7. சராசரியை மட்டும் பார்த்தால் அனுபவசாலிதான் நல்ல தேர்வு. இயல்நிலைப் பரவலின் மணி வடிவத்தை வரைந்து, 36ஐத் தாண்டும் பகுதியின் பரப்பை அளந்து பாருங்கள். அனுபவசாலியோடு பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 16. இளைஞரோடு 24!

மட்டமான சராசரி, கூடுதல் வாய்ப்பு. இது எப்படி நடக்கிறது? பரவல் அகலமாகும்போது இரு பக்கமும் வால் நீள்கிறது. மேல் வால் 36ஐத் தாண்டி எட்டிப்பார்க்கிறது. கீழ் வால் 20, 18 என்று இறங்குகிறது. ஆனால் அணி ஏற்கெனவே கோட்டுக்குக் கீழே இருப்பதால், இன்னும் ஆழமாக விழுந்தாலும் தண்டனை கூடுவதில்லை. நட்டத்துக்குத் தரை உண்டு, லாபத்துக்குக் கூரை இல்லை. அப்படி இருக்கிற இடத்தில் நிச்சயமின்மை நண்பன்.

இதையே நடுநிலை அணிக்குத் திருப்பிப் பாருங்கள். அனுபவசாலியோடு சராசரி 40, விலக்கம் 4 என்றால் 36ஐத் தாண்டும் வாய்ப்பு 84 சதவீதம். இளைஞரோடு 39, விலக்கம் 7 என்றால் அது 67க்குச் சரிந்துவிடும். அதே இரண்டு வீரர்கள், அதே திறமை. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துச் சரியான விடை தலைகீழாகிறது. எனக்கு எத்தனை முறை போட்டாலும் அலுக்காத கணக்கு இது.

ஆனால் மேலே நான் 4ஐ 7 ஆக்கியது கொஞ்சம் தாராளம். நிஜத்தில் ஓர் ஆள் அவ்வளவு அகலப்படுத்த முடியாது. காரணம் பித்தாகரஸ். ஒன்றையொன்று சாராத இரண்டு நிச்சயமின்மைகளைக் கூட்டும்போது விலக்கங்கள் நேராகக் கூடுவதில்லை, அவற்றின் வர்க்கங்கள்தான் கூடும், செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் மாதிரியே. பலவீனமான ஓர் அணிக்கு 18 போட்டிகள் மிச்சம் என்றால், வெற்றி தோல்வியின் இயல்பான அதிர்ஷ்டமே சுமார் 5.3 புள்ளி விலக்கத்தைத் தருகிறது. அது நீளமான பக்கம். புது ஸ்ட்ரைக்கர் அரைப் பருவத்தில் மூன்று கோல் முன்பின்னாகப் போகலாம். மூன்று கோல் என்பது தோராயமாக இரண்டு புள்ளி. அது குட்டையான பக்கம். கர்ணம்? 5.7தான். சராசரி கோட்டுக்கு ஐந்து புள்ளி கீழே இருக்கும் அணிக்குப் பிழைக்கும் வாய்ப்பு 17இலிருந்து 19 சதவீதத்துக்கு நகரும். திசை சரி, தூரம் மிகக் குறைவு. இறங்கினால் ஓராண்டு நட்டம் 5 கோடி பவுண்டு என்று வைத்தாலும், இந்த இரண்டு சதவீதத்தின் மதிப்பு 10 லட்சம் பவுண்டு. வீரர் சராசரியாகக் கூட்டித்தரும் கோல்களின் மதிப்பு தனி. ஆனால் ‘தெரியாதவர்’ என்பதற்காக மட்டும் தரக்கூடிய கூடுதல் விலை இவ்வளவுதான்.

அப்படியானால் கோடிகள் எங்கிருந்து வருகின்றன? போன பருவத்து கோல்களிலிருந்து. இங்கேதான் கிளப்புகள் ஏமாறுகின்றன.

கோல் அரிதான நிகழ்வு. பத்து ஷாட் அடித்தால் ஒன்று உள்ளே போகும், அவ்வளவுதான். அரிதானவற்றின் எண்ணிக்கை அதிர்ஷ்டத்தால் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைப் பாய்ஸான் பரவல் என்ற கணித விதி சொல்கிறது. உண்மைத் திறமை பருவத்துக்கு 10 கோல் என்று இருக்கும் ஸ்ட்ரைக்கர்கள் அறுபது பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது பேரும் அச்சு அசலாக ஒரே தரம். ஒரு பருவம் முடிந்ததும் அவர்களில் ஐந்து பேர் 15 அல்லது அதற்கு மேல் அடித்திருப்பார்கள், நான்கு பேர் ஐந்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். வாங்க வரும் கிளப்புகளின் கண்ணில் படுவது அந்த ஐந்து பேர். விலை பேசப்படுவது 15 கோல் வீரருக்கு. வந்து இறங்குவது 10 கோல் வீரர். யாரும் ஏமாற்றவில்லை, வீரர் மோசமாகிவிடவும் இல்லை, சராசரியை நோக்கித் திரும்புதல் அதன் வேலையைச் செய்திருக்கிறது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியில் அவர்களைவிடக் கொஞ்சம் குட்டையாக இருப்பதை 1886இல் பிரான்சிஸ் கால்டன் அளந்து சொன்னாரே, அதே விஷயம்தான்.

அஃபோன்சோ ஆல்வெஸ் நெதர்லாந்து லீகில் 2006-07 பருவத்தில் 31 போட்டிகளில் 34 கோல் அடித்தார். 2007 அக்டோபரில் ஒரே போட்டியில் ஏழு. 2008 ஜனவரியில் மிடில்ஸ்பரோ கிளப் சாதனை விலை கொடுத்தது. 2008-09 முழுப் பருவத்திலும் லீகில் நான்கு கோல், அணி இறங்கியது. இதில் அதிர்ஷ்டம் திரும்பியது மட்டும் இல்லை, லீகின் தரமும் மாறியது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தன.

செல்சியின் 9ஆம் எண் சட்டைக்குச் சாபம் இருப்பதாக ஒரு பேச்சு உண்டு. 2022இல் பயிற்சியாளர் தாமஸ் டூகலே பத்திரிகையாளர்களிடம் அதைப் பற்றிச் சொன்னார். 24 கோல் அடித்த இத்தாலியப் பருவத்துக்குப் பிறகு வந்து, அந்தச் சட்டையோடு லீகில் எட்டு மட்டும் அடித்த லுகாகுவைச் சான்றாகக் காட்டுவார்கள். உச்சத்தில் இருக்கும்போதே ஆட்களை வாங்கி அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டே இருந்தால், ‘சாபம்’ தானாகவே உண்டாகிவிடும். பரிகாரம் செய்தபின் நிலைமை சரியானதாக நம்புவதும் இதன் மறுபக்கமே. அடிமட்டத்தில் இருக்கும்போதுதானே பரிகாரம் தேடுகிறோம், அங்கிருந்து இயல்பாகவே ஏற்றம்தான் வரும். மூடநம்பிக்கைகளில் பாதிக்கு இந்த ஒரு கணிதமே பதில் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் திடமான கருத்து.

அப்போ என்ன பார்த்து வாங்குவது? கோலை எண்ணுவதை விட்டுவிட்டு, கோல் வாய்ப்பை எண்ண வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தூரம், கோணம், தலையா காலா என்பதையெல்லாம் வைத்து, அது உள்ளே போகும் நிகழ்தகவைக் கணக்கிட்டுக் கூட்டுவதுதான் எக்ஸ்ஜி எனப்படும் எதிர்பார்ப்பு கோல். பெனால்டி ஒன்றின் மதிப்பே முக்கால் கோலுக்கு மேல் என்பதால் அதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. ஷாட்டுகள் கோல்களைவிடப் பத்து மடங்கு அதிகம், அதனால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் குறைவாகத் தெரியும். அப்புறம் இன்னொன்று. கடைசி இடத்து அணி வாய்ப்புகளே உருவாக்குவதில்லை. எவ்வளவு கெட்டிக்கார ஸ்ட்ரைக்கரும் தனக்கு வராத பந்தை உதைக்க முடியாது. நியூகாசில் 2019இல் ஏறத்தாழ 4 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய ஜோயலிண்டன் முதல் லீக் பருவத்தில் 38 போட்டிகளில் இரண்டு கோல்தான் அடித்தார். பிறகு பயிற்சியாளர் எடி ஹோவ் அவரை நடுக்களத்துக்கு இறக்கினார், அங்கே அசைக்க முடியாத ஆளானார். வீரரிடம் குறை இல்லை, நிறுத்திய இடம்தான் தவறு.

இளைஞர்களை வாங்குவதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் மிச்சம் இருக்கிறது. கொடுத்த பணம் அன்றைக்கே செலவாகிவிடுவதில்லை. 3.5 கோடியை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பரப்பினால் கணக்குப் புத்தகத்தில் ஆண்டுக்கு 70 லட்சம். 2023 டிசம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் இந்தப் பரப்பலுக்கு ஐந்தாண்டு உச்சவரம்பு வைத்தன. முப்பதைத் தாண்டிய அனுபவசாலி ஒப்பந்தம் முடியும்போது சும்மா போய்விடுவார், இருபது வயதுக்காரருக்கு மறுவிலை உண்டு. லீட்ஸ் 2023 ஜனவரியில் ஹோஃபன்ஹைமிலிருந்து ஜார்ஜினியோ ருட்டரை வாங்கியபோது அவருக்கு வயது 20. கூடுதல் தொகைகள் எல்லாம் சேர்த்து சுமார் 3.5 கோடி பவுண்டு, கிளப்பின் சாதனை விலை. அந்தப் பருவத்தில் லீகில் 11 போட்டி, பூஜ்யம் கோல். லீட்ஸ் 19ஆம் இடத்தில் முடித்து இறங்கியது. பிழைப்பதற்கான பந்தயமாகப் பார்த்தால் முழுத் தோல்வி. அடுத்த பருவம் சாம்பியன்ஷிப்பில் அவர் சக வீரர்களுக்கு கோல் வாய்ப்புகளை அள்ளிக்கொடுத்தார். 2024 ஆகஸ்டில் பிரைட்டன் அவரை 4 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.