ஒரே பாஸ்பேட், இரண்டு வேலை

உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் உள்ள குளுக்கோஸ் சுமார் 4 கிராம்தான். மூளைக்கு மட்டுமே நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டும். அப்படியிருந்தும், இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் தூங்கி எழுந்தாலும் ரத்தச் சர்க்கரை பெரிதாக இறங்கிவிடுவதில்லை. கல்லீரல் சேர்த்து வைத்த கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸ்கள் கோத்த பெரிய மூலக்கூறை, உடைத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

சேர்ப்பது கிளைக்கோஜன் சிந்தேஸ் என்ற நொதி. உடைப்பது பாஸ்பாரிலேஸ். இரண்டும் இருப்பது ஒரே செல்லில். ஒருவர் சுவர் எழுப்ப, பின்னாலேயே இன்னொருவர் இடித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? செல்லின் எரிபொருளான ஏடிபிதான் வீணாகும். இதை உடம்பு தடுக்கும் விதம் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

சர்க்கரை குறையும்போது கணையம் குளுக்ககான் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கல்லீரல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே உள்ள ஏற்பியைத் தொட்டதோடு சரி. உடனே உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு பெருகி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. அது பாஸ்பாரிலேஸ் கைனேஸ் என்ற அடுத்த நொதியை முடுக்க, அந்த நொதி பாஸ்பாரிலேஸில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. 800-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட நொதிச் சங்கிலியில், செரின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தில்! அதிலேயே நொதியின் வடிவம் மாறி, வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு மூலக்கூறு பலவற்றை முடுக்குவதால், துளியளவு ஹார்மோனே போதும்.

அதே புரோட்டீன் கைனேஸ் ஏ சிந்தேஸிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அங்கே விளைவு நேர்மாறு, சிந்தேஸ் முடங்கிவிடும். உடைப்பதற்கான உத்தரவே சேர்ப்பதை நிறுத்தும் உத்தரவும்கூட. இந்தப் பாஸ்பேட் விசையை (சுவிட்சை) 1950-களில் தசையின் பாஸ்பாரிலேஸில் கண்டுபிடித்த எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

தசையில் குளுக்ககானுக்கு வேலையில்லை. அங்கே அட்ரினலினும், தசை சுருங்கும்போது வெளிவரும் கால்சியமும் இதே விசையைத் தட்டுகின்றன.

சரி, சாப்பிட்ட பிறகு? இன்சுலின் வருகிறது, பாஸ்பேட்டைக் கழற்றும் வேலை தொடங்குகிறது. ஆனால் கல்லீரல் இன்சுலினை மட்டும் நம்பியிருப்பதில்லை. அங்குள்ள பாஸ்பாரிலேஸே குளுக்கோஸை உணரும். குளுக்கோஸ் வந்து ஒட்டியதும் அதன் வடிவம் நெகிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த பாஸ்பேட் வெளியே தெரிகிறது. பாஸ்படேஸ் நொதி அதை வெட்டிவிடுகிறது. முடுக்கப்பட்ட பாஸ்பாரிலேஸ் இருக்கும்வரை அந்தப் பாஸ்படேஸால் சிந்தேஸின் பக்கம் திரும்ப முடியாது. அதனால் முதலில் உடைப்பது ஓய்கிறது, அப்புறம்தான் சிந்தேஸின் பாஸ்பேட்டும் கழன்று சேர்ப்பது தொடங்குகிறது.