டைபீரியஸ் காசு அசலா? வெள்ளிக்குள் பார்க்க வேண்டும்

அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி ரோமானிய வெள்ளிக் காசு ஒன்றை விற்க வருகிறார்கள், அசலா என்று எப்படிப் பார்ப்பது எனக் கரூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கரூர், கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களுடையவை. டைபீரியஸ் (கி.பி. 14–37) காலத்துத் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் லாரல் இலை மாலை சூடி வலப்பக்கம் பார்க்கும் தலை. பின்பக்கம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். சுற்றிலும் 'பொன்டிஃப் மாக்சிம்' (தலைமைப் பூசாரி என்ற பட்டம்) என்ற லத்தீன் எழுத்துகள். விட்டம் 18 மில்லிமீட்டர் அளவு, எடை பெரும்பாலும் 3.6 முதல் 3.9 கிராம், தேய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். காந்தத்தில் ஒட்டினால் அத்தோடு பேச்சு முடிந்தது. ஒட்டாததால் அசல் என்றும் ஆகிவிடாது. வெள்ளி, செம்பு, ஈயம் எதுவுமே ஒட்டாது.

அடுத்தது பத்து மடங்கு லென்ஸ். விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். ரோமானியக் காசு அடித்து எடுத்தது: கீழே ஒரு அச்சு, நடுவில் வெள்ளி வில்லை, மேலே இன்னொரு அச்சு, அதன்மேல் சுத்தியல் அடி. அடி விழும் கணத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டத்தின் மெல்லிய கோடுகள் எழுத்துகளுக்கு வெளியே, விளிம்போரம் தெரியும். விளிம்பில் விரிசல் இருந்தால் வெளியே அகலமாகத் தொடங்கி உள்ளே ஊசிமுனையாக முடியும், அதன் சுவர்கள் கரடுமுரடாக இருக்கும். வார்ப்புப் போலியில் அதே விரிசலின் அடி உருண்டு, பள்ளம் மாதிரி மூடியிருக்கும். எழுத்துகளின் மூலைகள் மழுங்கியிருக்கும், பரப்பில் குமிழிக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கீறல்கள் இருந்தால், இரண்டு பாதி வார்ப்பு சேர்ந்த கோட்டை யாரோ மறைத்திருக்கலாம் என்று கொள்ளுங்கள்.

ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் கிடைப்பது இயல்பு. ஒரே விளிம்பு வடிவம், ஒரே இடத்தில் ஒரே கீறல் உள்ள இரண்டு காசுகள் கிடைப்பது இயல்பில்லை. இணையத்தில் விற்பனைப் படங்களை ஒப்பிட்டாலே பல போலிகள் இப்படி ஜோடியாக மாட்டிக்கொள்ளும்.

பிறகு அடர்த்தி. காற்றில் 3.70 கிராம் உள்ள காசை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறோம், 3.34 காட்டுகிறது. குறைந்த எடை 0.36, 3.70-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 10.28. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, ஆகவே நல்ல வெள்ளிதான். ஆனால் 0.01 கிராம் வரை மட்டும் காட்டும் தராசு என்றால் அந்த 0.36 உண்மையில் 0.35 ஆகவோ 0.37 ஆகவோ இருக்கலாம், விடை 10.57-க்கும் 10.0-க்கும் நடுவே எங்கேயும் விழும். மில்லிகிராம் தராசு இல்லாமல் இந்தச் சோதனை செய்வது வீண். காசில் குமிழி ஒட்டாமலிருக்க, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள்.

விடை 9.2 பக்கம் வந்தால் உள்ளே செம்பு இருக்கலாம். அதுவும் ரோமானியக் கைவேலையாகவே இருக்க வாய்ப்புண்டு! செம்பு வில்லையை வெள்ளித் தகட்டால் சுற்றிச் சூடாக்கினார்கள். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டும், செம்புக்கு 1,085. இரண்டும் தொடும் இடத்தில் மட்டும் 780 டிகிரியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். தேய்ந்த இடத்தில் பச்சைக் களிம்பு எட்டிப் பார்த்தால் இந்த வகை.

இனி வருவதுதான் அழகான சங்கதி. அன்றைய வெள்ளியில் சிறிதளவு செம்பு எப்போதும் கலந்திருந்தது. 780 டிகிரி வாக்கில் வெள்ளி தன் எடையில் 8.8 விழுக்காடு வரை செம்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும். சாதாரண வெப்பத்தில் அநேகமாக ஒன்றுமே கரையாது. வில்லை ஆறும்போது செம்பு அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. வெள்ளி என்பது நுண்ணிய படிகத் துகள்களின் கூட்டம். துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள எல்லையில் மட்டும் அணுக்கள் கொஞ்சம் எளிதாக நகரும். எனவே செம்பு அங்கே ஒதுங்குகிறது. ஒதுங்க ஒதுங்க அந்த எல்லையே இடம் பெயர்கிறது, தான் கடந்த இடத்தில் மெல்லிய செம்புத் தகடுகளை விட்டுச் செல்கிறது. வேகம், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற வரிசையில். நேராக இருந்த எல்லைக்கோடு நெளிநெளியாகிவிடும். நெளிவைத் துல்லியமான கடிகாரமாக வைத்து வயதைக் கணக்கிட முடியாது. கலவையும், அடி வாங்கிய அளவும் வேகத்தை மாற்றும். உலையில் வைத்து அவசரப்படுத்தினாலோ தகடுகள் தடித்து, இடைவெளி விட்டு உருவாகும். உலோக நுண்ணோக்கியில் அந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மண்ணிலுள்ள உப்பு இந்தச் செம்பு எல்லைகளைத் தேடி அரிக்கிறது. அதனால் பழைய வெள்ளி நொறுங்கும் தன்மை பெறுகிறது. உடைந்த முகம் கற்கண்டு உடைத்தது போல் மணிமணியாக மின்னும். கல்லில் போட்டு 'கிணீர்' என்று கேட்டால்தான் அசல் என்பவர்களை நம்பாதீர்கள். நொறுங்கும் அசல் காசு மொட்டையாகத்தான் ஒலிக்கும், அந்தச் சோதனையிலேயே இரண்டாகவும் போகலாம். உள்ளே நுண்வெடிப்பு இருப்பதால் அதன் அடர்த்திகூடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அரிசியை இழுக்கும் பழங்காசு என்று லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறார்களே, அவர்களுக்கு இதில் ஒரு வரி தெரிந்திருக்காது.

கெட்டிக்காரப் போலிக்காரர்களும் உண்டு. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) கையாலேயே அச்சு வெட்டியவர். புதுக்காசுகளை இரும்புத் தூள் நிறைந்த பெட்டியில் போட்டு, வண்டியின் அடியில் கட்டி ஓட்டிப் பழமையாக்கினார் என்பார்கள். மலிவான பழங்காசுகள் மேலேயே அவர் புது அச்சை அடித்ததும் உண்டு; உலோகப் பகுப்பாய்வு அங்கே 'பழசு' என்றுதான் சொல்லும். ஆனால் நொறுங்கும் வெள்ளியை அப்படியே அடித்தால் வெடிக்கும். வெடிக்காமலிருக்க நன்றாகப் பழுக்கக் காய்ச்சினால் ஒதுங்கிய செம்பு மீண்டும் கரைந்து, நெளிவின் சாட்சி அழியத் தொடங்கும்.

எக்ஸ் கதிர் கருவியை மேலே காட்டி '98 விழுக்காடு வெள்ளி' என்று சான்றிதழ் தருபவர்களிடம், எந்த ஆழத்தில் என்று கேளுங்கள். மண்ணில் கிடந்த காசின் மேல்தோலில் செம்பு அரித்துப் போய் வெள்ளி மிகுந்திருக்கும். கருவி பார்ப்பது பெரும்பாலும் அந்தத் தோலைத்தான். நம் அருங்காட்சியகங்கள் தம்மிடமுள்ள ரோமானியக் காசுகள் ஒவ்வொன்றின் எடை, அடர்த்தி, அச்சுப் படங்களைப் பொதுவில் வைத்தால் இந்த வேலை பாதி குறையும். அதற்குப் பெரிய ஆய்வு நிதி தேவையில்லை, ஒரு தராசும் கேமராவும் பொறுமையும் போதும்.

கரூர் வாசகருக்கு: புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து இடுக்கிலுள்ள மண்ணும் களிம்பும் சாட்சிகள். உண்மையிலேயே ஆற்றில் கிடைத்த புதையல் என்றால், 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதை எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பின் நகலை விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.