ஜன்னல், கூலி, சோறு, ரோடு: கொள்ளைநோயோட பெருக்கல் கணக்கு

ஊட்டியில உறைபனி விழுற ராத்திரி யார்கிட்டயாவது போய் ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டு தூங்குங்கன்னு சொல்லிப் பாருங்க, என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும். ஆனா 2020ல கொரோனா வந்தப்போ நமக்கெல்லாம் கொடுத்த அறிவுரையில முக்கியமான ரெண்டு இதுதான், வீட்டைக் காத்தோட்டமா வெச்சுக்கோங்க, காய்ச்சல் வந்தவங்க தனி ரூம்ல இருங்க. அறிவியல்படி ரெண்டுமே சரி, ஒரு குறையும் சொல்ல முடியாது. எஸ்டேட் லைன் வீட்டுக்குள்ள போய்ப் பார்த்தவங்களுக்கு மட்டும் லேசா சிரிப்பு வரும். ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு, சுவத்துக்கு அந்தப்பக்கம் அடுத்த குடும்பம், உள்ள அஞ்சாறு பேர், குளிருக்கு கதவு ஜன்னல் எல்லாம் அடைச்சு இடுக்குல துணி வேற சொருகியிருக்கும். இதுல தனி ரூமுக்கு எங்க போறது.

"வைரஸுக்கு ஏழை பணக்காரன் தெரியாது"ன்னு அப்போ வாட்ஸ்அப்ல ஓயாம சுத்துச்சு. வைரஸுக்குத் தெரியாதுதான், ஆனா ரூமுக்குத் தெரியும். எப்படின்னு பார்ப்போம்.

1950கள்ல அமெரிக்காவோட பால்டிமோர்ல வெல்ஸ், ரைலின்னு ரெண்டு பேர் ஒரு விவகாரமான சோதனை பண்ணாங்க. டிபி நோயாளிங்க இருந்த வார்டுல இருந்து வெளிய வர்ற காத்தை குழாய் வழியா மேல ஒரு அறைக்கு கொண்டுபோய் அங்க நூத்துக்கணக்குல கினிப்பன்றிகளை வெச்சாங்க. நோயாளியை ஒரு கினிப்பன்றியும் தொட்டது கிடையாது, பக்கத்துல கூட போகல, அப்படியும் டிபி வந்துச்சு. புற ஊதா ஒளி காட்டி சுத்தம் பண்ண காத்தை சுவாசிச்ச கூட்டத்துக்கு வரல. சில நோய்கள் காத்து வழியாவே பரவும்ங்கிறதுக்கு இது அசைக்க முடியாத ஆதாரமா ஆச்சு, பின்னாடி இந்த வேலையில இருந்து வெல்ஸ்-ரைலி சமன்பாடுன்னு ஒண்ணு வந்துச்சு. ஃபார்முலா வேண்டாம், விஷயம் இவ்வளவுதான்: எத்தனை நோயாளி, ஒவ்வொருத்தரும் எவ்வளவு கிருமி வெளிய விடுறாங்க, நீங்க எவ்வளவு காத்து உள்ள இழுக்குறீங்க, எவ்வளவு நேரம் அங்க இருக்கீங்க, இதையெல்லாம் பெருக்கி, ரூமுக்குள்ள வர்ற புதுக்காத்தால வகுக்கணும். கிருமிக்கு குவாண்டம்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க, ஒரு குவாண்டம் உள்ள இழுத்தா 63% பேருக்கு தொத்திக்கும்.

இப்ப ஒரு தோராயக் கணக்கு. 10க்கு 10 ரூம், 8 அடி உயரம், கிட்டத்தட்ட 23 கன மீட்டர். எல்லாம் அடைச்சு வெச்சிருக்கிறதால ஒரு மணி நேரத்துல பாதிக் காத்துதான் மாறுதுன்னு வெச்சுக்குவோம், உள்ள காய்ச்சல்காரர் ஒருத்தர் மணிக்கு ஒரு குவாண்டம் விடுறார், பக்கத்துல படுத்திருக்கிறவங்க மணிக்கு அரை கன மீட்டர் காத்து இழுக்குறாங்க, 8 மணி நேரத் தூக்கம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தொத்துற வாய்ப்பு 30% வருது. அதே ரூம், அதே ஆளுங்க, ஜன்னலைத் தொறந்து மணிக்கு 5 தடவை காத்து மாறுச்சுன்னா 3.5%. மூணு ராத்திரி இப்படியே போச்சுன்னா அடைச்ச ரூம்ல சுமார் 65% ஆயிடும், தொறந்த ரூம்ல 10%தான். எண்களை நான் எளிமையா எடுத்துக்கிட்டேன், நிஜத்துல ஆளுக்கு ஆள் பயங்கரமா மாறும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. இதுல யாரோட பொறுப்பின்மையும் இல்ல, சுகாதார அறிவு இல்லாததும் இல்ல. விறகோ ஹீட்டரோ போதுமான அளவு இருக்கிறவங்கதான் குளிர்ல ஜன்னலைத் தொறக்க முடியும், ரெண்டாவது ரூம் இருக்கிறவங்கதான் ஒருத்தரை அதுல படுக்க வைக்க முடியும்.

மும்பையில குளிரே கிடையாது, ஆனா நெரிசல் இருக்கு, பொதுக் கழிப்பறை இருக்கு. 2020 ஜூலையில அங்க மூணு மாநகராட்சி வார்டுல ரத்தம் எடுத்து ஆன்டிபாடி பார்த்தப்போ குடிசைப் பகுதியில சுமார் 57% பேருக்கு ஏற்கனவே தொத்து வந்து போயிருந்துச்சு, அதே வார்டுகள்ல குடிசை இல்லாத பகுதியில 16%.

அடுத்தது கூலி. கொழுந்து பறிக்கிறதை வொர்க் ஃப்ரம் ஹோம்ல பண்ண முடியாது. ஊரடங்கு ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆகுறதுக்குள்ளயே, 2020 ஏப்ரல்ல, பாதி ஆளோட தேயிலைத் தோட்டங்களை நடத்தலாம்னு மத்திய அரசு அனுமதி கொடுத்திருச்சு. இதுல ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும், கொழுந்துக் காட்டுல தொத்து பரவுறது கஷ்டம், திறந்தவெளி, காத்து வீசுது, ஆளுக்கு ஒரு நிரை. ஆபத்து அங்க இல்ல, அங்க போற வண்டியில, எடை போடுற ஷெட்டுல, ராத்திரி திரும்பி வர்ற லைன்ல. கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் கேரட் எடுக்குறவங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே பிக்கப்ல நெருக்கியடிச்சுக்கிட்டு போறதைப் பார்த்திருப்பீங்க, மேட்டுப்பாளையம் மண்டிக்கு சரக்கு நேரத்துக்குப் போகணும்ல, அதுல ஆறடி இடைவெளி விட்டா பாதிப் பேருக்கு அன்னிக்கு கூலி இல்ல.

காய்ச்சல் வந்தா லீவு போடுறதும் இதே கதைதான். அமெரிக்காவுல 2020 மார்ச்ல அவசரமா ஒரு சட்டம் போட்டு கொரோனாவுக்கு சம்பளத்தோட லீவு கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அந்த மாதிரி சட்டமே இல்லாத மாநிலங்கள்ல, லீவு வந்ததுக்கப்புறம் ஒரு மாநிலத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 400 கேஸ் குறைஞ்சுதுன்னு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டாங்க. மருந்தும் இல்ல, மாஸ்க்கும் இல்ல, சம்பளம் போகாதுன்னு தெரிஞ்சதும் காய்ச்சல்காரங்க வீட்லயே இருந்துட்டாங்க.

நம்ம மலையில இது எப்படிப் பிரிஞ்சுதுன்னு பாருங்க. கொரோனா காலத்துல அமல்ல இருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல வீடு, ஆஸ்பத்திரி, நோய்க்கால உதவித்தொகை எல்லாம் இருந்துச்சு, ஆனா தோட்டம் 5 ஹெக்டேராவது இருக்கணும், 15 பேராவது வேலை பார்க்கணும். நீலகிரியில ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு வெச்சிருக்கிற சிறு விவசாயிங்கதான் ஏராளம். ஒரே சரிவு, பாதைக்கு இந்தப்பக்கம் பெரிய எஸ்டேட்ல பறிச்ச அக்காவுக்கு காய்ச்சல் வந்திருந்தா அந்தச் சட்டப்படி ஏதோ கொஞ்சம் வந்திருக்கணும், பாதைக்கு அந்தப்பக்கம் சின்னத் தோட்டத்துல பறிச்ச அக்காவுக்கு அதுல ஒண்ணும் இல்ல. அவங்க காய்ச்சலோட வேலைக்கு வந்திருந்தா யாரைக் குத்தம் சொல்றது?

இது ஏழைங்க பிரச்சனை மட்டும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க நகரங்கள்ல கிட்டத்தட்ட 9.8 கோடி செல்ஃபோன்களோட நடமாட்டத்தை வெச்சு 2021ல வெளியான ஒரு ஆய்வுல, வருமானம் குறைஞ்ச பகுதி ஆளுங்க போற மளிகைக் கடையில ஒரு சதுர அடிக்கு 59% அதிகம் பேர் இருந்தாங்க, சராசரியா 17% அதிக நேரம் உள்ள நின்னாங்க. வெல்ஸ்-ரைலி கணக்குல பெருக்குற பக்கம் இருக்கிற ஆளு எண்ணிக்கை, நேரம் ரெண்டும் ஒரே சமயத்துல ஏறுது. தொத்து இப்படி சில இடங்கள்ல கனன்றுக்கிட்டே இருந்துச்சுன்னா ஊர் மொத்தத்துக்கும் அது அணையாது, அந்தக் கடையில வேலை பார்க்குறவங்கதான் பங்களாவுக்கும் டெலிவரி கொண்டுபோறாங்க.

சரி, தொத்தியாச்சு. இனி உடம்பு. சத்தான சோறு நோயைத் தடுக்கும்னு பாட்டி சொன்னா சிரிப்போம், அதை முறையா சோதிச்சுப் பார்த்த ஆய்வு ஜார்க்கண்ட்ல நடந்துச்சு, முடிவு 2023ல வந்துச்சு. டிபி நோயாளிகளோட வீட்ல இருக்கிற 10,000க்கும் மேல பேரை எடுத்துக்கிட்டு ஒரு பகுதி குடும்பங்களுக்கு மாசாமாசம் கூடுதல் உணவுப்பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்தாங்க. கொடுத்த குடும்பங்கள்ல புதுசா டிபி வந்தது 39% குறைவு, தொத்தக்கூடிய நுரையீரல் டிபியை மட்டும் எடுத்தா 48% குறைவு. தடுப்பூசி லெவலுக்கு ஒரு முடிவு, அரிசி பருப்புல. டிபி வேற கொரோனா வேற, அப்படியே ஒட்ட வைக்க முடியாது, ஆனா எதிர்ப்புச் செல்களைத் தயார் பண்ண உடம்புக்கு புரதம் வேணும்ங்கிறது ரெண்டுக்கும் பொதுதான். ஊரடங்குல ரேஷன்ல இலவச அரிசி போட்டதை நிறைய பேர் நிவாரணம்னு மட்டும் பார்த்தாங்க, எனக்கு அது சுகாதாரத் துறை செலவாத்தான் தெரியுது.

இதைவிட எனக்கு ஆச்சரியமா இருந்தது ஷெல்டன் கோஹன்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரோட வேலை. ஆரோக்கியமா இருக்கிற 334 பேரோட மூக்குல ஜலதோஷ வைரஸை அவரே சொட்டு விட்டு, தனித்தனியா வெச்சு யாருக்கு சளி பிடிக்குதுன்னு பார்த்தார். எல்லாருக்கும் வைரஸ் போயாச்சு, அதனால ரூம், பிக்கப் அதெல்லாம் இங்க பேச்சே இல்ல. யாருக்கு அதிகமா சளி பிடிச்சுதுன்னா, சின்ன வயசுல அப்பா அம்மா சொந்த வீட்ல இருந்த வருஷங்கள் குறைவா இருந்தவங்களுக்கு. பெரியவங்களான பிறகு அவங்க என்ன சம்பாதிக்கிறாங்கங்கிறதைத் தள்ளி வெச்சுப் பார்த்தாலும் இது நின்னுச்சு. குழந்தைப் பருவத்து நெருக்கடி எதிர்ப்பு மண்டலத்துல எப்படிப் பதியுதுன்னு முழுசா இன்னும் பிடிபடல, நீண்டநாள் மன அழுத்தத்தால கார்டிசால் ஹார்மோன் கட்டுப்பாடு குலையுறது ஒரு வழின்னு சொல்றாங்க.

இதோட விறகடுப்புப் புகையில கெட்டுப்போன நுரையீரல், மாத்திரை விட்டுப்போன சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேரும். ஆனா எல்லாத்தையும் வறுமை தலையில கட்டவும் கூடாது. கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள்ல அரிவாள் செல் ரத்தசோகை இருக்கு, இந்தியாவுல அதை முதல்ல கண்டுபிடிச்சதே 1952ல நீலகிரியிலதான், அது பரம்பரையா வர்றது, பணம் இருந்தாலும் வரும். பணம் எங்க நுழையுதுன்னா, அது இருக்குன்னு தெரிஞ்சு தொடர்ந்து மருந்து எடுத்துக்கிட்டு இருக்கோமாங்கிறதுல.

இப்பதான் முக்கியமான இடம். மேல சொன்னதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கூடுறதில்ல, பெருகுது. தொத்துறதுக்கு முன்னாடி வைரஸ் உங்க பக்கத்துல வரணும், வந்தா தொத்துற அளவுக்கு உள்ள போகணும், போனா உடம்பு முத்த விடணும், முத்துனா வைத்தியம் நேரத்துக்குக் கிடைக்காம போகணும், இந்த நாலும் வரிசையா நடந்தாதான் சாவு. ஒவ்வொரு படியிலயும் ஏழைக்கு 1.65 மடங்குதான் ஆபத்து அதிகம்னு வெச்சுக்கோங்க, தனித்தனியா பார்த்தா யாரும் பதறமாட்டாங்க. 1.65ஐ நாலு தடவை பெருக்குங்க, 7.4 வரும்.

7.4ஐ சும்மா எடுக்கல. 1918 இன்ஃப்ளுயன்ஸாவுல பம்பாயில அரசுக் கணக்கு இருக்கு, ஐரோப்பியர்கள்ல ஆயிரத்துக்கு 8.3 பேர் செத்தாங்க, 'தாழ்ந்த சாதி'ன்னு அந்தக் கணக்குல எழுதி வெச்சிருந்த மக்கள்ல 61.6 பேர். ஏழு மடங்குக்கு மேல. அங்க நாலு படியும் சமமாதான் இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல, ஒரு படியில பெரிய கொடுமை எதுவும் இல்லாமலே இவ்வளவு பெரிய இடைவெளி வர முடியும்ங்கிறதுக்காக சொல்றேன். பெருக்கல்ல ஒரு நல்லதும் இருக்கு, நாலுல எதைக் குறைச்சாலும் மொத்தமும் அதே விகிதத்துல இறங்கும். எல்லாத்தையும் சரி பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

தடுப்பூசி அப்படி ஒரு இடம். 2021 மே 1ல இருந்து 18-44 வயசுக்காரங்க கோவின்ல ஆன்லைன்ல பதிவு பண்ணாதான் ஊசின்னாங்க, ஸ்மார்ட்ஃபோனும் சிக்னலும் இல்லாத பாடி, மந்து மாதிரி பழங்குடி குடியிருப்புகளுக்கு அது என்ன அர்த்தம்னு சொல்லத் தேவையில்ல. மே 24தான் அரசு மையங்கள்ல நேர்ல வந்தும் பதிவு பண்ணலாம்னு மாத்துனாங்க. நீலகிரியில டீம்கள் பழங்குடி குடியிருப்புகளுக்கே போய், பயந்தவங்ககிட்ட உக்காந்து பேசி ஊசி போட்டாங்க, அந்த வருஷ நடுவுலயே தகுதியுள்ள பழங்குடி மக்கள் கிட்டத்தட்ட எல்லாருக்கும் முதல் டோஸ் போட்டாச்சு. அதே நேரத்துல தனியார் ஆஸ்பத்திரியில கோவேக்சின் ஒரு டோஸ் 1,410 ரூபாய்.

கடைசிப் படி ரோடு. கொரோனாவுல உயிரைக் காப்பாத்துன மருந்துகள்ல முக்கியமானது டெக்ஸாமெத்தசோன், மலிவான பழைய ஸ்டீராய்டு. 2020 ஜூன்ல வந்த முடிவுப்படி வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவை மூணுல ஒரு பங்கும், ஆக்சிஜன்ல இருந்தவங்க சாவை அஞ்சுல ஒரு பங்கும் குறைச்சுது. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பிரயோஜனம் இல்ல. ஆக, மாத்திரை மலிவு, எப்போ கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கிறதும் ஆக்சிஜன் இருக்கிற இடத்துக்குப் போறதும்தான் விலை. மூச்சுத் திணறலே தெரியாம ஆக்சிஜன் இறங்குற நோய் இது, ஆக்சிமீட்டர் இல்லாத வீட்ல ஆள் சோர்ந்து விழுந்த பிறகுதான் தெரியும், அப்புறம் வண்டி பிடிக்கணும், அப்புறம் கொண்டை ஊசி வளைவு.

தூரம் எவ்வளவு பெரிய நோய்க்காரணம்னு இந்த மலைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். வெறிநாய்க்கடிக்கு ஊசி இமயமலைப் பக்கம் கசௌலியிலதான் கிடைச்ச காலம், 1902ல ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு தெற்க ஊசி கிடைக்காம செத்துப்போனாங்க, அது பெரிய பேச்சாகி 1907ல குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்துச்சு. ஆட்சியில இருந்தவங்க வீட்டுக்கதவைத் தட்டுனதால அஞ்சு வருஷத்துல முடிஞ்ச வேலை. ஆனா நீலகிரி மாவட்டத்துக்குன்னு ஒரு அரசு மெடிக்கல் காலேஜை 2022 ஜனவரியிலதான் திறந்தாங்க, அதுக்குள்ள ரெண்டு அலை போயிருச்சு, காலேஜ் இருக்கிறது ஊட்டியில, கூடலூர்ல இருந்து 50 கிலோமீட்டர், பந்தலூர்ல இருந்து இன்னும் அதிகம்.